இராக்குக்கு மூன்றாம் முறை போகாத படை
2003-ல் நாடாளுமன்றம் சொன்ன ஒரு சொல்லும் அதன் பின்னால் இருந்த நூற்றாண்டு வரலாறும்

புது தில்லி: தலைநகரின் இந்தியா கேட் நினைவு வளைவின் உச்சியில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களில் மெசபடோமியாவும் ஒன்று. இன்றைய இராக் அன்று அப்படித்தான் அழைக்கப்பட்டது. முதல் உலகப் போரிலும் அதையடுத்து நடந்த ஆப்கன் போரிலும் பிரிட்டிஷ் பேரரசுக்காக உயிரிழந்த இந்திய வீரர்களின் நினைவாக 1921-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1931-ல் திறக்கப்பட்டது இந்த வளைவு. தங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு தேசத்தில், தங்களை அடிமைப்படுத்திய ஒரு பேரரசின் நலனுக்காக இந்திய விவசாயிகளின் பிள்ளைகள் மடிந்தார்கள் என்பதற்கான சாசனமும் அதுவே.

அதே இராக்குக்கு மீண்டும் இந்தியப் படையை அனுப்பலாமா என்ற கேள்வி 2003-ல் தில்லியில் எழுந்தது. இம்முறை கேட்டது அமெரிக்கா. இந்தியா மறுத்தது. ராஜதந்திரக் கணக்குகளும், நெருங்கிவந்த தேர்தலும் இந்த மறுப்புக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவையும் உண்மையே. ஆனால் அவற்றுக்கு முன்பே நாடாளுமன்றம் ஒரு சொல்லைப் பதிவு செய்திருந்தது. அந்தச் சொல்லை மீறிச் செல்வது எந்த அரசுக்கும் எளிதாக இருந்திருக்காது.

பாஸ்ராவில் இறங்கிய சிப்பாய்கள்

பாரசீக எண்ணெய் வயல்களையும் வளைகுடாவின் கடல் வழியையும் காக்கவென்று, 1914 நவம்பரில் ஃபாவோ துறைமுகத்தில் இந்தியப் படை இறக்கப்பட்டது. அந்த மாதமே பாஸ்ரா வீழ்ந்தது. வெற்றி தந்த துணிவில் பாக்தாத் வரை செல்ல உத்தரவிடப்பட்டது. 1915 நவம்பரில் டெசிஃபோன் என்ற இடத்தில் துருக்கியப் படையிடம் பலத்த இழப்பைச் சந்தித்து, ஜெனரல் டௌன்ஷெண்டின் படை கூட் அல் அமாரா என்ற ஊருக்குப் பின்வாங்கியது. அங்கே 147 நாள்கள் முற்றுகை. 1916 ஏப்ரல் 29-ல் சுமார் 13 ஆயிரம் பேர் சரணடைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சிறைப்பட்டவர்களில் ஏராளமானோர் பாலைவன நடைப்பயணத்திலும் முகாம்களிலும் மாண்டனர்.

காயமடைந்தவர்களுக்கு மருந்தில்லை, ஏற்றிச் செல்லப் படகில்லை என்ற அவலம் லண்டன் வரை எட்டியது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1917-ல் வெளியானபோது இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார். அதே ஆண்டில்தான் போர்ச் செலவுக்காக இந்தியாவின் பெயரால் 10 கோடி பவுண்ட் பிரிட்டனுக்கு "அன்பளிப்பாக" அறிவிக்கப்பட்டது. ரத்தமும் இந்தியாவுடையது, ரொக்கமும் இந்தியாவுடையது.

1917 மார்ச்சில் பாக்தாதைப் பிடித்த ஜெனரல் மாட், தாங்கள் வெற்றி கொள்ள வரவில்லை, விடுவிக்கவே வந்துள்ளோம் என்று அந்நகர மக்களுக்கு அறிவித்தார். மூன்றே ஆண்டுகளில், 1920-ல், அதே மக்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஷியா, சுன்னி வேறுபாடு கடந்த அந்தக் கிளர்ச்சியை அடக்கியதிலும் முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் இந்தியச் சிப்பாய்களே. 1941-ல் பாக்தாதில் பிரிட்டனுக்குப் பிடிக்காத அரசு அமைந்தபோது பாஸ்ராவில் மறுபடியும் இறங்கியது இந்தியப் படை. ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை.

மதமும் மறுப்பும்

இந்தச் சிப்பாய்கள் அனைவரும் வாய்மூடிச் சென்றவர்கள் அல்லர். துருக்கியின் சுல்தானைக் கலீபாவாக மதித்த முஸ்லிம் வீரர்களுக்கு அவருடைய படையை எதிர்த்தே போரிட வேண்டிய நிலை ஏற்பட்டது. துருக்கியருடன் போரிட அனுப்பப்படுவோம் என்ற அச்சமும் சேர்ந்து, 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் 5-வது இலகு காலாட்படையினர் கலகம் செய்தனர். 47 பேர் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1916-ல் பாஸ்ராவிலேயே 15-வது லான்சர்ஸ் குதிரைப் படையினர் போர்முனைக்குச் செல்ல மறுத்துத் தண்டனை பெற்றனர்.

கூட் முற்றுகையில் உணவு தீர்ந்தபோது குதிரை இறைச்சியை உண்ண இந்திய வீரர்கள் பலர் மறுத்தனர். அதற்கு மத அனுமதி உண்டு என்று இந்தியாவிலிருந்த மதத் தலைவர்களிடம் ஒப்புதல் பெற்று அனுப்பியது பிரிட்டிஷ் அரசு. பேரரசுக்கு மதம் ஒரு கருவி. அதே மதம், எழுத்தறிவில்லாத ஒரு சிப்பாய்க்குத் தனது மறுப்பைச் சொல்லக் கிடைத்த ஒரே மொழியாகவும் இருந்தது. போருக்குப் பின் கிலாபத் இயக்கத்தைக் காந்தியடிகள் ஒத்துழையாமையுடன் இணைத்ததற்குப் பின்புலம் இதுதான்.

விடுதலை இயக்கம் இதைத் தெளிவான அரசியலாக மாற்றியது. 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் ஜவாஹர்லால் நேரு கலந்துகொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில், டாக்டர் அன்சாரி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சீனாவிலிருந்தும் மெசபடோமியா, பாரசீகம் ஆகிய இடங்களிலிருந்தும் இந்தியப் படைகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. சுதந்திரம் இன்னும் 20 ஆண்டுகள் தொலைவில் இருந்தது. ஆயினும், பிறர் நாட்டை அடிமைப்படுத்த எங்கள் பிள்ளைகளைப் பயன்படுத்தாதே என்று சென்னையிலிருந்து குரல் எழுந்தது.

ஒரு சொல்லுக்காக

2003 மார்ச் 20-ல் அமெரிக்கா தலைமையிலான படைகள் இராக்கைத் தாக்கின. ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலின் ஒப்புதல் அதற்கு இல்லை. வாஜ்பாய் தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு "நடுப்பாதை" என்ற நிலையில் நின்றது. போரை ஆதரிக்கவும் இல்லை, அமெரிக்காவைப் பகைத்துக்கொள்ளவும் விரும்பவில்லை. ஏப்ரலில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியபோது, போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியாக வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் வலியுறுத்தின.

தகராறு ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றது. கண்டிக்கிறோம் என்ற கடுமையான சொல் வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். மென்மையான சொல் போதும் என்றது அரசு. இறுதியில் ஹிந்தியில் "நிந்தா" என்ற சொல் ஏற்கப்பட்டது. நிந்தனை என்று தமிழரும் அறிந்த சொல்தான். ஆங்கில வடிவிலோ வருந்தத்தக்கது என்ற அளவில் நிற்கும் "டிப்ளோர்" என்ற சொல் இடம்பெற்றது. அவரவர் தமக்கு வேண்டிய பொருளைக் கொள்ள இடம் தந்த சமரசம் இது. ஏப்ரல் 8-ல் மக்களவை தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இறையாண்மை கொண்ட ஒரு நாட்டின் அரசை மாற்றுவதற்காக எடுக்கப்படும் ராணுவ நடவடிக்கையை ஏற்க முடியாது என்றும், அன்னியப் படைகள் வெளியேற வேண்டும் என்றும் அது கூறியது. மறுநாளே பாக்தாத் வீழ்ந்தது.

தீர்மானத்தால் போர் நிற்கவில்லை என்று அன்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அதன் பயன் மூன்று மாதங்கள் கழித்துத் தெரிந்தது.

ஜூலை 14

பாக்தாதைப் பிடித்த பின் அங்கே அமைதி காக்கப் பிற நாடுகளின் வீரர்களைத் தேடியது அமெரிக்கா. இந்தியாவிடம் கேட்கப்பட்டது ஒரு டிவிஷன் அளவிலான படை, அதாவது ஏறத்தாழ 17 ஆயிரம் பேர். ஜூன் மாதம் பெண்டகன் குழு ஒன்று தில்லிக்கே வந்து விளக்கமளித்தது. அனுப்பலாம் என்ற கருத்துக்குத் தலைநகரில் ஆதரவு இல்லாமல் இல்லை. வல்லரசுடன் நெருக்கம், புனரமைப்பு ஒப்பந்தங்கள், எண்ணெய், உலக அரங்கில் உயர்வு என்று வாதங்கள் அடுக்கப்பட்டன.

எதிர்த்தரப்பில் இடதுசாரிக் கட்சிகளும் காங்கிரஸும் நாடாளுமன்றத் தீர்மானத்தையே முன்வைத்தன. போரை நிந்தித்துவிட்டு, அந்தப் போரின் விளைவைக் காவல் காக்கப் படை அனுப்புவது எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. ஜூலை 14-ல் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கூடியது. ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இருந்தால் மட்டுமே படை அனுப்புவது பற்றிப் பரிசீலிக்க முடியும் என்று வெளியுறவு அமைச்சர் யஷ்வந்த் சின்ஹா அறிவித்தார். அக்டோபரில் பன்னாட்டுப் படைக்கு அனுமதியளித்துப் பாதுகாப்புக் கவுன்சில் தீர்மானம் நிறைவேற்றியபோதும் இந்தியப் படை செல்லவில்லை.

போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் இராக்கில் கிடைக்கவில்லை. 2003 ஆகஸ்டில் பாக்தாதின் ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் 4,400-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் லட்சத்துக்கும் மேற்பட்ட இராக்கிய மக்களும் உயிரிழந்தனர். இந்தியப் படை அங்கு சென்றிருந்தால் யாருடைய துப்பாக்கிக்கு யார் இலக்காகியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இந்த மறுப்பு சதாம் உசேனுக்கான சான்றிதழ் அல்ல. 1988-ல் ஹலப்ஜாவில் குர்து மக்கள் மீது நச்சுவாயு வீசிய, 1990-ல் குவைத்தை ஆக்கிரமித்த ஆட்சி அது. ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதாலேயே ஒரு சர்வாதிகாரி நல்லவராகிவிட மாட்டார். அவர் கொடியவர் என்பதால் அவருடைய நாட்டைப் பிடிக்கும் உரிமை வேறொருவருக்கு வந்துவிடுவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்திருப்பதே நேர்மையான எதிர்ப்பு.

சட்டத்தில் இல்லாத தடை

கவலைக்குரியது வேறொன்று. போர், அமைதி, அயல்நாட்டு ஒப்பந்தம் ஆகியவை மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. வெளிநாட்டுக்குப் படை அனுப்பும் முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற கட்டாயம் அரசமைப்புச் சட்டத்தில் இல்லை. இதன் விலை என்ன என்பதைத் தமிழகம் அறியும். 1987 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதிப் படை 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் 1,100-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. ஈழத் தமிழ் மக்கள் இழந்தது அதனினும் பெரிது. படையை அனுப்பும் முன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

2003-ல் இந்தியாவைக் காத்தது சட்டம் அல்ல, நாடாளுமன்றத்தின் ஒற்றுமை. அது எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2005-ல் வாக்கெடுப்பின்றியே கையெழுத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது, அவையைக் கேட்கவில்லை. 2014 ஜூலையில் காஸா தாக்குதல் குறித்து மாநிலங்களவையில் விவாதம் நடந்தது. தீர்மானம் நிறைவேற்ற அரசு இணங்காததால் எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. காஸா போர் நிறுத்தம் கோரி ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானங்களில் 2023 அக்டோபரில் இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது, டிசம்பரில் ஆதரித்தது, 2025 ஜூனில் மீண்டும் விலகியது. ஒவ்வொன்றுக்கும் அரசிடம் விளக்கம் இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தை மக்கள் பிரதிநிதிகள் ஏற்றார்களா, மறுத்தார்களா என்பதற்கு அவைக்குறிப்பில் வாக்குப் பதிவு இல்லை.

வெளியுறவுக் கொள்கை ரகசியமாக நடக்க வேண்டிய விஷயம் என்பது வெள்ளையர் காலத்து வாதம். மெசபடோமியாவுக்குச் செல்லுமாறு உத்தரவிட்டவர்கள் எந்த இந்தியரிடமும் வாக்குக் கேட்கவில்லை. வாக்குரிமை உள்ள குடியரசில், படை அனுப்புவதையும் ராணுவ ஒப்பந்தங்களையும் இரு அவைகளின் வாக்கெடுப்புக்கு உட்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்ற எந்தக் கட்சிக்கும் தடையில்லை. கடந்த காலத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து இதை வலியுறுத்தியவர்கள் ஆளும் வரிசைக்கு மாறியதும் மறந்துபோனார்கள். அடுத்த அழைப்பு எந்த நாட்டிலிருந்து, எந்தப் போருக்காக வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போதும் இரு அவைகளும் ஒரே சொல்லில் உடன்படும் என்ற நம்பிக்கையை மட்டுமே நம்பி இருப்பது போதாது.