அறுபத்தெட்டு வயதில் ஓர் உறுதிமொழி

உங்கள் ஊரில் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், முன்பின் தெரியாத நாட்டுக்குச் சேவை செய்யக் கிளம்பினால் என்ன சொல்வீர்கள்?

1966-ல் லில்லியன் கார்ட்டர் அப்படித்தான் கிளம்பினார். வெளிநாடுகளுக்குச் சேவையாளர்களை அனுப்பும் அமெரிக்க அமைதிப் படையில் தன்னார்வலராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 68. சிகாகோவில் பயிற்சி எடுத்து, மராத்தியும் படித்து, பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்தார். மருத்துவமனையில் செவிலியராக ஏழைத் தொழிலாளர் குடும்பங்களைக் கவனித்துக்கொண்டார். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க அதிபரானது அதற்குப் பிறகு, 1977-ல்.

லில்லியன் சேர்ந்த அமைதிப் படை 1961-ல் அதிபர் கென்னடி தொடங்கியது. இந்தியாவில் 1976 வரை இருந்தது. இப்போதெல்லாம் தன்னார்வலர்கள் பணிசெய்யும் நாட்டிலேயே சுமார் மூன்று மாதம் பயிற்சி பெறுகிறார்கள். பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சோற்றையே சாப்பிட்டு, அவர்கள் பேச்சையே பேசிப் பழகுகிறார்கள். அது முடிந்த பிறகுதான் வலது கையை உயர்த்தி உறுதிமொழி. உறுதிமொழி என்னவோ அமெரிக்க அரசியல் சாசனத்தின் பேரில்தான். ஆனால் உறுதிமொழி ஏற்கும் அந்த விழா மேடையில் புதியவர்களில் ஒருவர் எழுந்து உள்ளூர் மொழியில் பேசுவது வழக்கம். தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரர்களும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பார்கள்.