குடற்சுவரில் ஒளிந்த கட்டி

நோயின் பெயர் தெரிந்துவிட்டால் நோயாளி பிழைத்து விடுவாரா? எல்லா நோய்க்கும் அப்படிச் சொல்ல இயலாது. ஆனால், பெயர் சரியாகத் தெரிந்த பின்னரே பிழைக்க வழி பிறந்த நோய் ஒன்று உண்டு. அதுவே இரைப்பை-குடல் ஸ்ட்ரோமல் கட்டி. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘ஜிஸ்ட்’ என்பர்.

தோன்றும் இடம்

இரைப்பைப் புற்றுநோய் என்று நாம் வழக்கமாகக் கேள்விப்படுவது உட்புறச் சவ்வில் தோன்றுவது. ஜிஸ்ட் அப்படியன்று. அது சவ்வுக்கு அடியில், சுவரின் தசைப் பகுதியில் தோன்றுகிறது. அங்கே தசைகளுக்கும் நரம்புகளுக்கும் இடையே காஹால் செல்கள் உள்ளன. 1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ காஹாலின் பெயரைத் தாங்கிய இச்செல்களே குடலின் அசைவுக்குத் தாளம் போடுபவை. இவையோ இவற்றின் முன்னோடிச் செல்களோ கட்டுப்பாடின்றிப் பெருகும்போது ஜிஸ்ட் உண்டாகிறது.

நெடுங்காலம் இவற்றைத் தசைக் கட்டிகள் என்றே எண்ணி வந்தனர். 1983இல் மஸூர், கிளார்க் என்னும் இரு அறிஞர்கள், இவற்றுள் பல தசையின் இயல்பையோ நரம்பின் இயல்பையோ தெளிவாகக் காட்டவில்லை எனக் கண்டு, ‘ஸ்ட்ரோமல் கட்டி’ என்ற பெயரை வழங்கினர். 1998இல் ஜப்பானிய அறிஞர் ஹிரோட்டாவின் குழுவினர் காரணத்தையே கண்டனர். ‘கிட்’ என்னும் ஜீன் உண்டாக்கும் புரதம், வெளியிலிருந்து கட்டளை வந்தால் மட்டுமே செல்லைப் பெருகத் தூண்டும். ஜீன் மாறுதலடைந்தாலோ, கட்டளை வராமலே அப்புரதம் ஓயாது தூண்டிக்கொண்டிருக்கும்.

அறிவது எங்ஙனம்?

கட்டி சிறிதாயின் அறிகுறி ஏதும் இராது. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தென்படுவதும் உண்டு. பெரிதானால் வயிற்று வலி, சிறிது உண்டாலே வயிறு நிறைந்த உணர்வு, கருநிற மலம், இரத்தசோகை ஆகியன தோன்றலாம்.

எண்டோஸ்கோப் வழியாகப் பார்த்தால் மேலுள்ள சவ்வு பெரும்பாலும் பழுதின்றியே காணப்படும். உள்ளிருந்து ஏதோ புடைத்திருப்பது மட்டும் தெரியும். சவ்வைக் கிள்ளி எடுக்கும் வழக்கமான திசுப் பரிசோதனையில் கட்டி அகப்படாமல் போவது இதனால்தான். எண்டோஸ்கோப்பின் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையோடு ஊசி செலுத்தித் திசு எடுப்பதே பயன் தரும். கட்டியின் பரப்பையும், கல்லீரலுக்குப் பரவியுள்ளதா என்பதையும் சி.டி. ஸ்கேன் காட்டும். எடுத்த திசுவில் கிட் புரதத்துக்கான சாயச் சோதனை செய்தால், 100 ஜிஸ்ட் கட்டிகளில் ஏறத்தாழ 95 தம்மை வெளிப்படுத்திவிடும்.

போக்கைக் கணித்தல்

“இது புற்றுநோயா, சாதாரணக் கட்டியா?” என்றே எல்லோரும் கேட்பர். ஜிஸ்டைப் பொறுத்தவரை இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. கட்டியின் அளவு, செல்கள் பிளவுறும் வேகம், தோன்றிய இடம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கணிக்க வேண்டும். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரையுள்ள, செல் பிளவு குறைந்த கட்டியை எடுத்துக்கொள்வோம். அது இரைப்பையில் இருந்தால், அறுவைக்குப் பின் நோய் முற்றுவது 100 பேரில் சுமார் 4 பேருக்கே. அதே கட்டி சிறுகுடலில் இருந்தால் சுமார் 24 பேருக்கு! அமெரிக்காவில் மியெட்டினென், லசோட்டா ஆகியோர் 2006இல் தொகுத்த கணக்கு இது. அறுவைக்கு முன்போ அறுவையின் போதோ கட்டி உடைந்து சிதறினால் ஆபத்து மேலும் மிகும்.

மருந்தும் வாழ்நாளும்

பழைய புற்றுநோய் மருந்துகளுக்கு ஜிஸ்ட் அசையவில்லை. பரவிய நோயுடையோரில் பாதிப் பேர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குள் இறந்தனர். 2000ஆம் ஆண்டில் பின்லாந்தில் ஒரு பெண்மணிக்கு, மாறுதலடைந்த கிட் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை தரப்பட்டது. சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. இதன் பின்னர் அந்த ஒன்றரை ஆண்டு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக நீண்டது. அறுவைக்குப் பின்னும் ஆபத்து மிகுந்தோர் மூன்றாண்டுகள் இம்மருந்தை உட்கொண்டால் நெடுநாள் வாழ்வர் என 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

எனினும் இது எல்லார்க்கும் ஏற்ற மருந்தன்று. ‘பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ.’ என்னும் வேறொரு ஜீனில் நேரும் ஒருவகை மாறுதல் இதற்கு அடங்காது. ஆகவே ஜீன் சோதனையும் நோயறிதலின் ஒரு பகுதியாயிற்று. பரவிய நோயில் மருந்தை இடையில் நிறுத்தினால் கட்டி பெரும்பாலும் மீண்டும் வளரும். அதனால் மருந்தின் விலையும் நோயின் போக்கை நிர்ணயிக்கிறது. இம்மருந்தின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கோரிய விண்ணப்பத்தை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இதனைத் தொடர்ந்து தர வழி நிலைத்தது.

இரத்தசோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரையோடு நிறைவடைந்து விடுவோர் நம்மிடையே பலர். இரத்தம் எங்கே போகிறது என்று மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். கட்டியை அகற்றிய பின்னும், “எடுத்தாகிவிட்டது” என்ற சொல்லோடு அமையாமல், அளவு என்ன, செல் பிளவு எவ்வளவு, எவ்விடத்தில் தோன்றியது, ஜீன் மாறுதல் எது என்ற நான்கையும் கேட்டுத் தெளிதல் வேண்டும். அந்நான்கு விடைகளிலேதான் நோயாளியின் வருங்காலம் அடங்கியிருக்கிறது.