சுண்ணாம்பு மண்ணுக்கு ஏற்ற இரும்புக் கிலேட்

சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலங்களில் சோளம், நிலக்கடலை, கரும்பு ஆகிய பயிர்களின் இளம் இலைகள் வெளுப்பதைக் காணலாம். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச் சத்துப் பற்றாக்குறையே. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. வேர் உறிஞ்ச இயலாதவாறு துருவாக மாறிக் கிடக்கிறது. அன்னபேதி உப்பை மண்ணில் இட்டாலும் அதுவும் அவ்வாறே துருவாகிவிடும்.

இதைத் தவிர்க்க உதவுவதே கிலேட். நண்டு தன் கொடுக்கால் இரையைப் பற்றுவது போல, ஒரு கரிமப் பொருள் உலோக அணுவைப் பல பக்கங்களிலும் பற்றிக் கொள்கிறது. ஹியூகோ ஷிஃப் என்ற வேதியியலறிஞர் 1864-இல் ஆல்டிஹைடும் அமினும் இணைந்து நீர் பிரியும் வினையை விளக்கினார். இவ்வாறு கிடைக்கும் ஷிஃப் காரங்களில் ஒன்றான 'சாலென்', 2 நைட்ரஜன், 2 பீனால் ஆக்சிஜன் ஆக 4 இடங்களில் உலோகத்தைப் பிடிக்கும்.

கடைகளில் இரண்டு வகை இரும்புக் கிலேட்டுகள் கிடைக்கின்றன. முதலாவது ஈ.டி.டி.ஏ. மண்ணின் கார அமில நிலை 7-க்கு மேற்பட்டால், சுண்ணாம்பிலுள்ள கால்சியம் இந்தக் கொடுக்கைப் பிடித்துக் கொள்ளும்; இரும்பு வெளியேறித் துருவாகும். செலவு வீண்.

இரண்டாவது ஈ.டி.டி.எச்.ஏ. இது ஷிஃப் காரம் அன்று. எனினும் சாலெனைப் போலவே 2 நைட்ரஜன், 2 பீனால் ஆக்சிஜன் இதில் உண்டு. மேலும் 2 ஆக்சிஜன் சேர்ந்து 6 இடங்களில் பிடிக்கிறது. பீனால் ஆக்சிஜன் இரும்பை மிக இறுக்கமாகப் பற்றுவதால், கார அமில நிலை 9 வரையிலும் பிடி தளராது. கரைசல் செந்நிறமாக இருக்கும். விலை அதிகம்.

இரு பெயர்களும் காதுக்கு ஒன்று போலவே ஒலிக்கும். எனவே வாங்கும்போது உறையில் 'எச்' உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு மண்ணில் இடுவதற்கு 'எச்' உள்ளதே ஏற்றது. மற்றதை இலைவழியாகத் தெளிக்கலாம்.

செலவு குறைந்த வழியும் உண்டு. 10 லிட்டர் நீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தையும், பின்னர் 50 கிராம் அன்னபேதி உப்பையும் கரையுங்கள். சிட்ரிக் அமிலமும் ஓரளவு கொடுக்காகச் செயல்பட்டு இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கும். மாலை வேளையில் இலை நனையத் தெளியுங்கள். பழுப்பு நிறமாக மாறிய பழைய கரைசல் பயன்படாது. அன்றன்று கரைத்துத் தெளிப்பதே நல்லது. தெளித்த பின் வரும் புது இலைகளும் வெளுத்தால் மீண்டும் தெளிக்க வேண்டும்.

மண் பரிசோதனை செய்து கார அமில நிலையை அறிந்த பின்னரே கிலேட் வாங்குவது சிக்கனமாகும்.