வெறும் வயிற்றோடு வரவேண்டாம்

மாசமாக இருக்கும் பெண்ணிடம், "நாளைக்கு வெறும் வயித்தோட வாம்மா, சுகர் பாக்கணும்" என்று சொல்லிவிடுவது எளிது. சாக்கோட்டைக்கும் அப்பால் ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்திலிருந்து அவள் காரைக்குடிக்கு வரவேண்டும். விடியுமுன் எழுந்து, வீட்டு வேலையை முடித்து, மசக்கையோடு, ஒரு வாய் காப்பித் தண்ணிகூட இல்லாமல் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வந்ததும் ரத்தம் எடுப்பார்கள், குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் காக்க வைத்து மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். மறுநாள் வராமலே போய்விடும் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா இந்தச் சிரமத்தையே ஓர் அறிவியல் கேள்வியாக மாற்றினார். வெறும் வயிறு உண்மையிலேயே வேண்டுமா? கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஆரோக்கியமான பெண்ணின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதைச் சமாளித்துவிடுகிறது. அவள் காலையில் இட்லி சாப்பிட்டிருந்தாலும், அதன்மேல் 75 கிராம் குளுக்கோஸ் குடித்தாலும், இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்துவிடும். கர்ப்பகால நீரிழிவு உள்ளவளின் கணையத்தால் அது முடியாது. எனவே எப்போது சாப்பிட்டாள் என்று கேட்காமல், வந்த வேளையில் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளலாம் என்றார் அவர்.

இதைச் சொல்லிவிட்டு அவர் ஓயவில்லை. உலக நீரிழிவு அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2005 முதல் 2007 வரை தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை அவருடைய குழு பரிசோதித்தது. கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் 17.8 சதவீதம், நகரத்தை ஒட்டிய பகுதியில் 13.8, கிராமத்தில் 9.9. பணக்கார வீட்டு நோய் என்று நினைத்திருந்தது கிராமத்தில் பத்தில் ஒரு பெண்ணுக்கு இருந்தது. 2007-ல் தமிழக அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. 2014-ல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையும் இந்த ஒற்றைப் பரிசோதனையை ஏற்றது: முதல் முறை மருத்துவமனைக்கு வரும்போது ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை.

எதிர்ப்பும் உண்டு. அதே சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு 2014-ல், சாப்பிட்டபின் செய்யும் சோதனை பலரைத் தவறவிட்டுவிடுகிறது என்று ஆய்வு வெளியிட்டது. அந்த விவாதம் இன்றும் முடியவில்லை, முடியாததும் நல்லதே. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு துல்லியமான சோதனையானாலும், பெண் வராவிட்டால் அது ஒருவரையும் கண்டுபிடிக்காது.

இதே பாடத்தைத் திண்டுக்கல் மாவட்டம் இன்னும் பெரிய அளவில் உலகத்துக்குச் சொன்னது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும், பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் கைகோத்து, கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தில், 2000-ல் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கின. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். அசிட்டிக் அமிலம் என்பது வினிகரின் புளிப்புச் சத்துதான். ஆய்வுக்கூடம் வேண்டாம், முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர்களே பார்த்தார்கள், தசைத் துணுக்கு எடுத்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குக் குளிரால் உறைய வைக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் அழைக்கப்பட்டார்கள், 31,343 பேர் வந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-ல் 'லான்செட்' இதழில் வந்த இந்த முடிவு, ஏழை நாடுகளின் புற்றுநோய்த் தடுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவிர்க்க முடியாத ஒன்று.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது வராத 18 ஆயிரம் பெண்கள். பயமா, வெட்கமா, கூலி போய்விடும் என்ற கவலையா, புருஷன் விடவில்லையா? அவர்கள் வாசலில் போய் நிற்கும் ஆய்வு வெளிநாட்டிலிருந்து வராது. ஊர் தெரிந்தவர்களே செய்யவேண்டிய ஆய்வு அது.

இனிக் காரைக்குடிக்கு வருகிறேன். 1947 ஜூலையில் சென்னையில் அன்னிபெசன்ட் நூற்றாண்டு விழா நடந்தது. சிற்றூர்களில் கல்லூரி தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அங்கே வேண்டுகோள் வைத்தார். கூட்டத்திலிருந்து எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். அடுத்த மாதமே வகுப்புகள் ஆரம்பமாயின. பலர் கவனிக்காத ஒன்று: முதலியார் தொழிலால் மகப்பேறு மருத்துவர். தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்த மகப்பேறு மருத்துவப் பாடநூலை எழுதியவர். காரைக்குடியின் கல்விக் கதையைத் தொடக்கிவைத்த குரல் ஒரு பிரசவ மருத்துவருடையது.

பிறகு அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே வரவழைத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்களுக்கு அது 'சிக்ரி'. பேட்டரி, துருத்தடுப்பு என்றுதான் பேர். ஆனால் நர்சம்மா விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் அந்தச் சின்னப் பட்டையும் மின்வேதியியல்தான். பட்டையிலுள்ள நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது, மின்முனை அவற்றை வாங்கி மின்னோட்டமாக்குகிறது, அந்த ஓட்டத்தின் அளவே திரையில் எண்ணாகத் தெரிகிறது. ரத்தச்சோகையைக் காட்டும் ஹீமோகுளோபினையும் இதே வழியில் அளக்க முடியும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. விலை மலிவான, வெயிலிலும் கெடாத, கிராம சுகாதார செவிலியரின் பைக்குள் அடங்கும் ஒரு பட்டை வேண்டும் என்ற தேவையும், அதைச் செய்யும் அறிவும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அழகப்பா பல்கலைக்கழகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பணத்துக்கும் வழி உண்டு. மருத்துவ மாணவர்கள் இரண்டு மாதம் ஆய்வு செய்து பழக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உதவித்தொகை தருகிறது. குழந்தை பெற்று வேலையை விட்ட பெண் விஞ்ஞானிகள் மறுபடி ஆய்வுக்குத் திரும்ப, உயிரித்தொழில்நுட்பத் துறையின் 'பயோகேர்' திட்டமும் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'வைஸ்-கிரண்' திட்டமும் உள்ளன. ஒரு கருவி யோசனையைச் செய்து பார்க்க மத்திய அரசின் 'பைராக்' நிறுவனம் 50 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது.

துறைகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சமீபத்திய சாட்சி ஒன்று. ஸ்கேனில் கருவின் வயதைக் கணிக்க நம் மருத்துவமனைகளில் புழங்கும் சூத்திரம் அமெரிக்கப் பெண்களை வைத்து உருவானது. ஹரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் தகவல்களை வைத்து, பரிதாபாத்தில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து இந்தியப் பெண்களுக்கென ஒரு கணிப்பு முறையை 2024-ல் வெளியிட்டன. அதில் பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மருத்துவர்களும் கணக்குப் போடுகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்த பலன் அது.

சிவகங்கை மருத்துவக் கல்லூரி மாணவியர் யாரேனும் இதைப் படித்தால், பிரசவ வார்டில் நீங்கள் பார்த்து மனம் பொறுக்காத ஒரு சிரமத்தை, ஒன்றே ஒன்றை, கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டு காரைக்குடிக்குப் பஸ் ஏறுங்கள். சிக்ரியில் இருக்கும் விஞ்ஞானிகளே, அந்தப் பிள்ளைகள் வந்து நின்றால் உட்கார வைத்துப் பேசுங்கள்.