‘கெட்’ என்னும் ஆங்கில வினை: பொருள் வேறுபாடும் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்களாக வழங்கும் சில வினைகளே அகராதிகளில் மிகுதியான இடத்தைப் பெறுகின்றன. 1989ஆம் ஆண்டு 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் வினைக்குரியது. ‘டேக்’, ‘மேக்’, ‘ரன்’, ‘கெட்’ ஆகியனவும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. இவற்றுள் ‘கெட்’ மொழிபெயர்ப்பாளருக்குத் தனிப்பட்ட இடர்ப்பாடு ஒன்றை விளைவிக்கிறது. ஏனைய வினைகளில், பல பொருள்களுள் எது பொருந்தும் என்பதே பெரும்பாலும் வினாவாக அமையும். ‘கெட்’ வினையிலோ பொருள் தெளிவான பின்னரும், நிகழ்ச்சிக்கு எழுவாய் எந்த அளவுக்குப் பொறுப்புடையது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. ஆங்கிலத் தொடர் அவ்வினாவுக்கு விடை கூறாமலே முடிந்துவிடும். தமிழில் வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே பெரும்பாலும் ஒரு விடை அமைந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டை விளக்கி, மொழிபெயர்ப்பில் கைக்கொள்ளத்தக்க நெறியொன்றைக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல் வரலாறு

‘கெட்’ ஆங்கிலத்தின் அடிப்படைச் சொற்களுள் ஒன்றாகத் தோன்றினும், அது பழைய நார்சு மொழியிலிருந்து இடைக்கால ஆங்கிலத்திற்கு வந்து சேர்ந்த சொல். ‘கெட்டா’ என்னும் அந்நார்சு வினைக்கு இனமான வினையடி பழைய ஆங்கிலத்தில் முன்னொட்டுப் பெற்ற வடிவங்களில் வழங்கிற்று. இன்றைய ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ ஆகிய வினைகள் அவற்றின் எச்சங்கள். முன்னது மறத்தலையும் பின்னது பிள்ளை பெறுதலையும் குறிக்கும். அடைதலும் ஈனுதலும் ஒரே வேரின்கண் அமைதல் தமிழர்க்கு வியப்பளிக்காது. ‘பரிசு பெற்றான்’, ‘பிள்ளை பெற்றாள்’ என நாமும் ஒரே வினையை இவ்விரு பொருளிலும் வழங்குகிறோம்.

கைப்பற்றுதல், அடைதல் என்னும் பொருளில் தொடங்கிய வினை, இடத்தை அடைதல், நிலையை அடைதல் எனப் படிப்படியாக விரிந்தது. ஒன்றை அடைந்தவர் அதனை உடையவர் ஆவார். ஆதலின் ‘ஹேவ் காட்’ என்னும் முற்றுநிலை வடிவம் நிகழ்கால உடைமையைக் குறிக்கலாயிற்று. ‘ஐ ஹேவ் காட் எ டிக்கெட்’ என்பதற்கு ‘என்னிடம் பயணச்சீட்டு இருக்கிறது’ என்பதே பொருள். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘காட்’, ‘காட்டன்’ என இரு எச்ச வடிவங்கள் உள்ளன. முன்னது உடைமைக்கும் பின்னது பெற்றமைக்கும் உரியது. பிரிட்டானிய ஆங்கிலத்தில் ‘காட்’ ஒன்றே இருபொருளுக்கும் நிற்பதால், அங்குச் சூழலே பொருளைத் தெளிவுறுத்த வேண்டும்.

3. தொடரமைப்பும் பொருளும்

‘கெட்’ வினையின் பொருள் அதனைத் தொடரும் நிரப்பியைச் சார்ந்தது. முதன்மையான அமைப்புகள் ஆறு.

(அ) பெயர் தொடர்தல்: ‘ஐ காட் எ புக்’. சூழலுக்கேற்ப ‘எனக்கொரு புத்தகம் கிடைத்தது’, ‘புத்தகம் ஒன்று வாங்கினேன்’, ‘புத்தகம் ஒன்றைப் பெற்றேன்’ என மொழிபெயர்க்கலாம். ‘கெட் எ சேர்’ என ஏவினால் ‘நாற்காலி ஒன்று கொண்டுவா’ என்றாகும். ‘கெட் எ கோல்ட்’ என்பதில் ‘சளி பிடித்தல்’ என நோயே எழுவாயாகிறது. ‘ஐ கெட் இட்’ என்பது ‘எனக்குப் புரிகிறது’ என்றாகும்.

(ஆ) பெயரடை தொடர்தல்: நிலைமாற்றத்தைக் குறிக்கும். ‘காட் வெட்’ நனைந்தான். ‘காட் டயர்ட்’ களைத்துப்போனான். ‘காட் டார்க்’ இருட்டிற்று. ஆங்கிலத்தில் வினையும் பெயரடையுமாகப் பிரிந்து நிற்பது தமிழில் பெரும்பாலும் ஒரே தன்வினையுள் அடங்கிவிடுகிறது.

(இ) இடச்சொல் அல்லது திசைச்சொல் தொடர்தல்: ‘கெட் ஹோம்’ வீடு போய்ச்சேர்தல், ‘கெட் அப்’ எழுதல், ‘கெட் ஓவர்’ துயரிலிருந்து மீளுதல், ‘கெட் அவே’ தப்புதல். இவற்றை ஒவ்வொரு தனிச்சொல்லாகவே கருதுதல் நன்று.

(ஈ) ‘டு’ என்னும் இடைச்சொல்லோடு வினை தொடர்தல்: ‘ஷி காட் டு ஸ்பீக்’ என்பது ‘அவளுக்குப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது’ எனப் பொருள்படும். ‘ஹேவ் காட் டு’ என்றாலோ கட்டாயப்பொருள் தோன்றி ‘பேச வேண்டும்’ என்றாகும்.

(உ) செயப்படுபொருளும் வினையும் தொடர்தல்: பிறவினைப் பொருள். ‘ஷி காட் ஹிம் டு ஸ்பீக்’ என்பதில் அவள் அவனைப் பேசவைத்தாள்; ஆயின் வற்புறுத்தி அன்று, முயன்று இணங்கவைத்து. வற்புறுத்தலுக்கு ‘மேக்’ உண்டு. ஏவும் உரிமையுடையார் ஒருவரைக் கொண்டு செய்வித்தலுக்கு ‘ஹேவ்’ உண்டு. ‘பேசவைத்தாள்’ என்னும் தமிழ்ச்சொல் இவற்றைப் பிரித்துக் காட்டாது. வேண்டுமிடத்து ‘இணங்கச் செய்து’ என்பதுபோல் ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கும்.

(ஊ) இறந்தகால எச்சம் தொடர்தல்: ‘காட் அரெஸ்டட்’, ‘காட் மேரிட்’, ‘காட் கில்ட்’. செயப்பாட்டுத் தன்மையுடைய இவ்வமைப்பே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

4. ‘கெட்’ செயப்பாட்டு வினை

ஆங்கிலத்தின் பொதுவான செயப்பாட்டு வினை ‘பி’ என்னும் துணைவினையால் அமையும். ‘கெட்’ துணைவினையாக வரும் செயப்பாட்டு காலத்தால் பிற்பட்டது. பேச்சு வழக்கில் மிகுதியாகவும் முறைசார் எழுத்தில் அரிதாகவும் வருவது. இவ்விரண்டற்கும் உள்ள பொருள் வேறுபாட்டை மொழியியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அன்னா கிரான்வில் ஹாட்சர் 1949இல் எழுதிய கட்டுரையில், எழுவாய்க்கு நன்மையோ தீமையோ விளைவிக்கும் நிகழ்ச்சிகளிலேயே இவ்வமைப்புப் பயில்வதாகக் காட்டினார். ராபின் லேக்காஃப் 1971இல், பேசுவோரின் உணர்ச்சி ஈடுபாடும் நிகழ்ச்சியில் எழுவாயின் பங்கும் இதனால் புலப்படலாம் என்றார். கிவோன், யாங் ஆகிய இருவரும் 1994இல், (உ) பிரிவிற் கண்ட பிறவினை அமைப்பிலிருந்து இச்செயப்பாட்டு படிப்படியாகத் தோன்றியதென விளக்கினர். அவ்விளக்கத்தை ஏற்பின், செய்வித்தவர் என்னும் பழம்பொருளின் சாயல் இன்றும் எழுவாயின்மேல் படிந்திருப்பதற்குக் காரணம் புலனாகும். ஒருவர் ‘காட் அரெஸ்டட்’ என்றால் அவர் கைதுக்குத் தாமே வழிசெய்துகொண்டார் என்னும் குறிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வடிவம் ஒன்றே.

5. தமிழில் எழும் வினா

‘ஷி காட் மேரிட் அட் செவன்டீன்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். பதினேழு வயதில் நிகழ்ந்த திருமணத்தை இது குறிக்கிறது. இதனைத் தமிழில் மூவகையாக எழுதலாம்:

‘பதினேழு வயதில் அவள் திருமணம் செய்துகொண்டாள்.’
‘பதினேழு வயதில் அவளுக்குத் திருமணம் செய்துவைத்தார்கள்.’
‘பதினேழு வயதில் அவளுக்குத் திருமணம் ஆயிற்று.’

முதல் தொடரில் அவளே கருத்தா. இரண்டாவதில் பிறர் கருத்தா. மூன்றாவதில் நிகழ்ச்சி மட்டுமே கூறப்படுகிறது. மூலம் மூன்றுக்கும் இடம் தருகிறது. புதினத்தின் மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு கதைமாந்தரின் இயல்பையே மாற்றிவிடும். நீதிமன்ற வாக்குமூலத்திலோ மகளிர்நலக் கள ஆய்வின் பதிவிலோ அது ஒரு பெண்ணின் இசைவு பற்றிய சான்றாகவே கொள்ளப்படும். அவள் கூறாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் கூறியவராகிறார்.

‘ஹி காட் இஞ்சர்ட்’ என்பதும் இத்தகையதே. ‘காயமடைந்தார்’ என்பது பொதுநிலை. ‘காயப்படுத்தப்பட்டார்’ என்றால் காயப்படுத்தியவர் ஒருவர் உளர் என்பது பெறப்படும். ‘காயப்படுத்திக்கொண்டார்’ என்றால் பொறுப்பு அவர்மேலேயே சாரும். விபத்துச் செய்தியில் ‘காட் கில்ட்’ என்பதைக் ‘கொல்லப்பட்டார்’ என மொழிபெயர்ப்பது பொருந்தாது. தமிழில் கொலைக்குக் கொலையாளி வேண்டும். விபத்தில் ஒருவர் உயிரிழக்கிறார்.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போதும் இதே இடர் எழுகிறது. ‘எனக்கு அடிபட்டது’ எனச் சாட்சி கூறுவதை ‘ஐ வாஸ் பீட்டன்’ என எழுதினால், சாட்சி குறிப்பிடாத அடித்தவர் ஒருவர் ஆவணத்தில் இடம்பெற்றுவிடுகிறார். கால் இடறி விழுந்தவரும் ‘அடிபட்டது’ என்றே கூறுவார். இங்கு ‘ஐ காட் ஹர்ட்’ என்பதே நேரிய மொழிபெயர்ப்பு. முறைசாரா வழக்கென ‘கெட்’ வினையை ஒதுக்கும் பழக்கம் இத்தகைய இடங்களில் உண்மைக்குக் கேடாக முடியும்.

6. தமிழிலுள்ள இணைகள்

‘கெட்’ செய்யும் பணியைத் தமிழில் ஒரே சொல் செய்வதில்லை. நான்கு வினைகள் பகிர்ந்து செய்கின்றன. நான்குமே பெறுதல், ஏற்றல், உறுதல் என்னும் பொருட்புலத்தைச் சேர்ந்தவை என்பது கருதத்தக்கது.

கொள்: தலைமை வினையாக ‘எடுத்தல், ஏற்றல், விலைக்கு வாங்குதல்’ எனப் பொருள்படும் இது, துணைவினையாகும்போது செயலின் பயன் எழுவாயைச் சார்வதைக் காட்டும். ‘முடி வெட்டிக்கொண்டார்’ என்னுமிடத்து வெட்டியவர் பெரும்பாலும் வேறொருவர். ‘ஊசி போட்டுக்கொண்டாள்’ என்பதும் அவ்வாறே. ஆங்கிலத்தில் (உ) வகை ‘கெட்’ வரும் இத்தகைய இடங்களுக்குப் பிறவினை வடிவைக் காட்டிலும் ‘கொள்’ இயல்பாகப் பொருந்தும். ‘மாட்டிக்கொண்டான்’ என்பது ‘காட் காட்’, அதாவது பிடிபட்டான், என்பதற்குப் பல சூழல்களில் ஈடாகும்.

பெறு: உயர்ந்தோர் வழக்கில் இது செயப்பாட்டுத் துணைவினையாக வரும். ‘நூல் வெளியிடப்பெற்றது’, ‘புலவர் பாராட்டப்பெற்றார்’ என்பன காண்க. அடைதற்பொருள் வினை செயப்பாட்டுக்குத் துணையாதல் ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று. ஆயின் இது நன்மை பயக்கும் நிகழ்ச்சிகளையே சிறப்பாகச் சாரும். ‘தண்டிக்கப்பெற்றார்’ என்பது செவிக்கு ஒவ்வாது.

படு: உறுதல், துன்புறுதல் என்னும் பொருளுடைய இவ்வினை இன்று பொதுநிலைச் செயப்பாட்டாக வழங்கினும், ‘அவதிப்பட்டான்’, ‘அடிபட்டான்’ ஆகியவற்றில் பழம்பொருள் மறையவில்லை.

வாங்கு: ‘அடி வாங்கினான்’, ‘திட்டு வாங்கினான்’ எனப் பேச்சு வழக்கில் வரும். தீய விளைவும் எழுவாயின் பங்கு பற்றிய குறிப்பும் ஒருங்கே அமையும் இவ்வழக்கு, பேச்சு ஆங்கிலத்தின் ‘கெட்’ செயப்பாட்டுக்கு மிக அணுக்கமானது. உரையாடலை மொழிபெயர்க்கையில் ‘ஏசப்பட்டான்’ என்பதினும் ‘ஏச்சு வாங்கினான்’ என்பதே ஏற்புடைத்து.

ஹாட்சர் கண்ட நன்மை தீமை என்னும் பாகுபாடு ஆங்கிலத்தில் ஒரே துணைவினையுள் அடங்கியிருக்க, தமிழ் அதனைப் பெறு, படு என இரண்டாகப் பகுத்து வைத்திருந்தது எனலாம்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ‘கெட்’ வினையைச் சொல்லாகக் கொள்ளாமல் தொடராகக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டும். நிரப்பி எதுவெனக் கண்டால் பொருளின் பெரும்பகுதி விளங்கிவிடும். இரண்டாவது, கருத்தா யார் என்பதை மூலத்தின் சூழல் தெளிவாக்குமாயின் அதற்கேற்ற வினையைத் தேர்ந்துகொள்ளலாம். சூழல் தெளிவாக்காவிடின் நான்காம் வேற்றுமை அமைப்பையோ தன்வினையையோ கைக்கொள்ள வேண்டும். ‘அவளுக்குத் திருமணம் ஆயிற்று’, ‘காயமடைந்தார்’, ‘கைதானார்’, ‘கிடைத்தது’ ஆகியன மூலத்தின் மௌனத்தைக் காப்பவை. மூன்றாவது, ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் ‘பெறு, அடை, வாங்கு’ என ஒருபொருட்சொற்களை அடுக்குவதோடு அமையாது, தொடரமைப்பு வாரியாகத் தமிழ் இணைகளைக் காட்ட வேண்டும். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தமிழ்த் துணைவினைகளின் பொருள்களைத் தனியே பிரித்து விளக்கியுள்ளது. அத்தகைய பகுப்பு இருமொழி அகராதிகளுக்கும் அடிப்படையாகலாம்.

மூலம் கூறுவதை விட்டுவிடுதல் குறை என்பதை மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அறிவர். மூலம் கூறாததைக் கூறிவிடுதலும் அதற்கு நிகரான குறையே. ‘கெட்’ போன்ற எளிய வினைகளில்தான் அக்குறை நம் கண்ணுக்குத் தப்பி நுழைந்துவிடுகிறது.