ருஷ்ய பாஷை பயின்ற கதை

நான்கு வருஷங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, என்னிடம் பத்தாம் வகுப்பு வரையில் படித்த மாணவன் ஒருவன் தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தான். ருஷ்யாவில் வைத்தியக் கல்வி பயில அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. தகப்பனார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இருந்த கொஞ்சம் நிலத்தையும் அடமானம் வைத்துப் பணம் சேகரித்திருந்தார்கள். அந்த அம்மாள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஐயா, அந்த ஊர்ப் பாஷை இவனுக்கு வருமா?"

"வரும் அம்மா" என்று நான் தைரியமாகச் சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு அந்தப் பாஷையில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. உபாத்தியாயர் தொழிலில் இப்படிப்பட்ட தைரியம் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே பாடங்களை முதலில் இங்கிலீஷில் நடத்தினாலும், பின்னால் ஆஸ்பத்திரிக்குள் காலடி வைத்தால் நோயாளி பேசுவது ருஷ்ய பாஷைதானே? எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்வது விளங்காவிட்டால் இவன் என்ன செய்வான்? கடைசியில், சென்னையில் ஒரு மாலை வகுப்பில் அவனைச் சேர்த்ததோடு நானும் சேர்ந்துகொண்டேன். வாரம் இருமுறை செங்கற்பட்டிலிருந்து மின்சார ரயிலில் இருவரும் போவோம். ஒரே பெஞ்சியில் உட்காருவோம்.

முதல் வாரம் முழுதும் எழுத்துக்களுடன் போராட்டம். ருஷ்ய நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 33. புதிய எழுத்துக்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. தெரிந்த முகத்தோடு வருபவைதான் ஏமாற்றுகின்றன. இங்கிலீஷ் 'பி' போல் இருப்பது 'ர'; 'எச்' போல் இருப்பது 'ந'; 'சி' போல் இருப்பது 'ஸ'. கிரேக்க எழுத்துக்களை ஆதாரமாகக் கொண்டு பிறந்த லிபி இது. 1918-ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது நான்கு எழுத்துக்களை நீக்கியதோடு, சொல்லின் முடிவில் உச்சரிப்பே இல்லாமல் நின்ற ஒரு குறியையும் அப்புறப்படுத்தினார்கள். அந்த மட்டில் நமக்கு லாபம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ருஷ்யச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் எண்ணினேன், கெட்டேன். வீட்டுக்கும் 'தோம்', புத்தகத்தின் ஒரு பாகத்துக்கும் 'தோம்' என்று நோட்டில் எழுதியிருந்தேன். உண்மையில் முதல் சொல்லின் 'த' வேறு, இரண்டாவதன் 'த' வேறு. நம் எழுத்து அந்தப் பேதத்தைக் காட்டாது.

நிற்க. இலக்கணத்துக்கு வந்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இங்கிலீஷ் வழியாக ருஷ்யனைப் பார்க்கிறவர்களுக்கு விசித்திரமாய்த் தோன்றும் பல சங்கதிகள் தமிழனுக்குச் சொந்த வீட்டுச் சமாசாரம். "இது வீடு" என்று நாம் இரண்டு சொற்களில் முடிக்கிறோம் அல்லவா? ருஷ்யனும் "எத்த தோம்" என்று இரண்டே சொற்களில் முடிக்கிறான். நடுவில் 'இருக்கிறது' என்ற பாரம் கிடையாது. பெயருக்கு முன்னால் 'ஒரு', 'அந்த' என்ற காவலாளிகளும் கிடையாது. "எனக்குக் குளிராயிருக்கிறது", "எனக்குப் பிடிக்கிறது", "எனக்கு நாற்பது வயது" ஆகிய மூன்றும் ருஷ்யனிலும் நான்காம் வேற்றுமையில்தான் வரும். புத்தகத்தை 'உடையேன்' என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்வதில்லை. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்றே சொல்வார்கள். நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் உண்டு.

வேற்றுமை ஆறு என்றதும் வகுப்பில் பலர் பெருமூச்சு விட்டார்கள். எட்டு வேற்றுமையுடன் வாழ்கிற நானும் என் மாணவனும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டோம். இந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. 'பேனாவால்', 'கத்தியால்', 'கைகளால்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'ஆல்' உருபு நமக்குப் போதும். ருஷ்யனிலோ ஆண்பாலுக்கு ஓர் ஈறு, பெண்பாலுக்கு வேறு, பன்மைக்கு இன்னொன்று. மேலும் மேசை ஆண்பால்; புத்தகம் பெண்பால்; ஜன்னல் இரண்டும் அல்லாதது! உயிரற்ற வஸ்துவுக்குப் பால் பார்ப்பது நமக்குப் புதிது. ஆனால் இதிலும் ஓர் அதிசயம் உண்டு. இரண்டாம் வேற்றுமையில் உயிருள்ள ஆண்பாற் பெயருக்கு ஈறு மாறும், உயிரற்றதற்கு மாறாது. நாமும் "புத்தகம் வாங்கினேன்" என்று உருபை விட்டுவிடுகிறோம்; "பையன் பார்த்தேன்" என்று சொல்வோமா?

ஸமஸ்கிருத வாசனை உள்ளவர்களுக்கு இன்னொரு சந்தோஷமும் கிட்டும். சகோதரனுக்குப் 'பிராத்', இரண்டுக்கு 'த்வா', மூன்றுக்கு 'த்ரி', நெருப்புக்கு 'அகோன்', ஆகாயத்துக்கு 'நேப'. பிராதா, த்வி, த்ரி, அக்னி, நபஸ் என்று பழைய உறவினர் ஒவ்வொருவராய் எதிர்ப்படுவார்கள்.

கஷ்டம் உண்மையில் வினைச்சொல்லில் இருக்கிறது. நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறு வினை. ஒரு தடவை போவதற்கு ஒன்று, வழக்கமாய்ப் போய்வருவதற்கு மற்றொன்று. இதை மறந்து, செங்கற்பட்டிலிருந்து நான் நடந்தே வகுப்புக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். ஆசிரியை அம்மாள் சிறிதும் சிரிக்காமல், "எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்?" என்று விசாரித்தார். என் மாணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செயல் நடந்துகொண்டிருந்ததா, முடிந்துவிட்டதா என்பதற்கும் தனித்தனி வினைகள். 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்ற பேதத்தை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கும். மறுபாதி பழக்கத்தில்தான் வரும். சொல்லில் அழுத்தம் எங்கே விழும் என்பதற்கும் விதி எளிதில் கிட்டாது. முதலில் அழுத்தினால் கோட்டை, கடைசியில் அழுத்தினால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே.

அயல்நாட்டாருக்கென்று ருஷ்யாவில் ஏற்பட்டிருக்கும் பரீட்சையில் ஆறு படிகள் உண்டு. முதற்படிக்குச் சுமார் 780 சொற்கள், அடுத்ததற்கு 1,300, மூன்றாவதற்கு 2,300. இந்த மூன்றாம் படியை எட்டியவனே ருஷ்யன் வழியாகச் சர்வகலாசாலைப் பாடம் கேட்கத் தகுதியுள்ளவன். அதற்கு மேல் உள்ளவை வருஷக்கணக்கில் ஏற வேண்டியவை. அமெரிக்க ராஜாங்க இலாகாவின் பாஷைப் பள்ளியில் இங்கிலீஷ்காரர்கள் ருஷ்யன் பயில 44 வாரம், 1,100 மணி நேரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழையும் அதே கஷ்டமான வகுப்பில்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது, என் பள்ளிக்கூடப் பையன்களிடம் எனக்குச் சற்று இரக்கம் பிறந்தது.

முதற்படிப் பரீட்சையில் என் மாணவன் என்னைவிட அதிக மார்க்கு வாங்கினான். ரயிலில் என் அப்பியாச நோட்டைத் திருத்தித் தந்ததும் அவன்தான். முதலில் சற்று உறைத்தது என்பதை மறைப்பானேன்? பிறகு பழகிவிட்டது. அவன் கப்பல் ஏறாத குறையாக ஆகாய விமானம் ஏறிப் போனான். நான் வகுப்பைத் தொடர்ந்தேன்.

தொடர்ந்ததற்குக் காரணம் டால்ஸ்டாய். 1910-ல் தென்னாப்பிரிக்காவில் மகாத்மா காந்தி தொடங்கிய ஆசிரமத்தின் பெயர் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே வசித்தவர்களில் தமிழர் பலர். அந்த மகான் எழுதியதை இங்கிலீஷ் வழியாக அல்லாமல் நேரே படிக்க வேண்டுமென்ற ஆசை எனக்கு. சோவியத் காலத்தில் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிட்ட புத்தகங்கள் மலிவாக வந்துகொண்டிருந்தன. 1991-ல் அந்த ராஜ்யம் கலைந்தபின் அந்த வரத்து நின்றுவிட்டது. அவர்கள் நம் பாஷைக்குச் செய்த சேவையும் சிறிதல்ல. தமிழ்-ருஷ்ய அகராதி ஒன்றை பியாதிகோர்ஸ்கி, ரூதின் என்ற இருவர் 1960-லேயே வெளியிட்டார்கள். மாஸ்கோ சர்வகலாசாலையில் நெடுங்காலம் தமிழ் போதித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 2020-ல் காலமானார். அவர்கள் நம்மிடம் வந்த தூரத்தில் பாதியாவது நாம் அவர்களிடம் போயிருக்கிறோமா என்றால், எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. நான் இன்னும் மூன்றாம் படியில்தான் நிற்கிறேன். செஹாவின் சிறு கதை ஒன்றைப் படிக்க அகராதியுடன் நான்கு இரவு ஆகிறது.

சென்ற மாதம் மாணவனிடமிருந்து கடிதம் வந்தது. இப்போது அவன் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளை விசாரிக்கிறானாம். "ஷ்தோ வஸ் பெஸ்பகோயித்?", அதாவது "தங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று ஒரு கிழவியிடம் கேட்டிருக்கிறான். அவள் முழங்கால் வலியில் ஆரம்பித்துத் தன் மருமகள் வரையில் அரை மணி நேரம் பேசினாள். முக்கால்வாசி விளங்கியது என்று எழுதியிருக்கிறான். பிறகு அவள் அவன் பெயரைக் கேட்டாள். சொன்னான். "தகப்பனார் பெயர்?" என்றாள். ருஷ்யாவில் மரியாதைக்குரியவரை அவர் பெயரோடு தகப்பனார் பெயரையும் சேர்த்தே அழைப்பார்கள். நாம் தலையெழுத்தாக முன்னால் வைப்பதை அவர்கள் 'ஓவிச்' என்ற விகுதியுடன் பின்னால் வைக்கிறார்கள். அன்று முதல் அந்த வார்டில் அவனுக்கு அப்படியே பெயர் வழங்குகிறதாம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் தாயாரிடம் போனேன். முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து உள்ளே போய்ச் சிறிது நேரம் கழித்து வந்து, அந்தக் கிழவி கூப்பிடுகிற மாதிரி ஒரு தரம் சொல்லிக் காட்டும்படி கேட்டார். சொன்னேன். அழுத்தம் சரியான இடத்தில் விழுந்ததா என்பதை அவனிடந்தான் எழுதிக் கேட்க வேண்டும்.