வீடு கட்டுறாங்க சரி... எங்கே கட்டுறாங்க?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பார்கள் பெரியவர்கள். மாத வாடகை கொடுக்கவே திண்டாடும் குடும்பம் எங்கிருந்து வீட்டைக் கட்டிப்பார்ப்பது? அதனால்தான் அரசாங்கமே ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. ஆனால் அப்படி ஒரு திட்டம் வருகிறது என்றதுமே மாமன்றம் முதல் டீக்கடை வரை வாக்குவாதம் தொடங்கிவிடும். அதில் என்ன பேசுகிறார்கள், எதைப் பேச மறந்துவிடுகிறார்கள் என்று மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டுவது யார்?

இரண்டு வாரியங்கள் உள்ளன. 1961-இல் சட்டம் போட்டு வந்தது வீட்டு வசதி வாரியம். இது வருமானத்திற்கேற்ப மனையும் வீடும் விற்கும். மற்றொன்று 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். 2021-இல் இதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஆற்றங்கரை, கண்மாய்க்கரை, ரோட்டோரம் என்று குடியிருப்பவர்களுக்கு அடுக்குமாடி கட்டி ஒதுக்கீடு செய்வது இதுதான்.

2015-இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு 30 சதுர மீட்டர் வரையிலான வீடு என்று வகுத்தார்கள். நம்ம கணக்கில் சுமார் 323 சதுர அடி. மத்திய அரசு வீட்டுக்கு 1.5 லட்சம் கொடுக்க, மீதியை மாநில அரசும் வீடு பெறுபவரும் போட வேண்டும்.

முடிவு செய்வது யார்?

1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் கொடுக்கத்தக்க 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. குடிசைப் பகுதி மேம்பாடு அதில் ஒன்று. ஆனால் நடைமுறையில் நிலத்தைத் தேர்ந்தெடுப்பதும் கட்டுவதும் மாநில அரசின் வாரியம். தண்ணீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு மட்டும் உள்ளாட்சியின் தலையில் வந்து விழும். கட்டுபவர் ஒருவர், பராமரிப்பவர் இன்னொருவர். சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 100 வார்டுகள் கொண்ட நம் மதுரை மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலர்களே கிடையாது. அதிகாரிகள்தான் நடத்தினார்கள். அந்த ஐந்து வருஷத்துக்கு மேல், "எங்க ஜனங்களை எங்கே அனுப்புறீங்க?" என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு ஆள் இல்லை.

இரண்டு பக்க வாதம்

ஒரு பக்கம், "ஊருக்குள்ளே நிலம் ஏது? சென்ட் விலை என்ன தெரியுமா? புறம்போக்கு இருக்கிற இடத்தில்தான் கட்ட முடியும். ஓலைக் குடிசைக்கு கான்கிரீட் வீடு மேல்தானே?" என்பார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. வைகைக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் வெள்ளத்துக்குப் பயந்து படுப்பது வாழ்க்கை ஆகாது.

மறுபக்கம், "எங்க ஏரியாவில் அவங்களைக் கொண்டுவந்து வைக்காதீங்க" என்று ஒரு குரல் வரும். இது நியாயமல்ல. அந்த ஏரியாவைப் பெருக்குவதும் அங்கே சித்தாள் வேலை பார்ப்பதும் அதே ஜனங்கள்தானே?

இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் காணாமல் போவது குடிபோகப் போகிறவரின் கேள்வி: "வேலைக்கு எப்படிப் போவேன்?"

தூரமும் ஒரு விலைதான்

2005-இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் மதுரையும் ஒரு நகரம். அந்தக் காலகட்டத்தில் நகரத்துக்கு வெளியே ராஜாக்கூரில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஊரைவிட்டுத் தூரம், பஸ் போதாது, வசதி போதாது என்ற குறைகள் பத்திரிகைகளில் வந்தன. சென்னையில் 2000 வாக்கில் தொடங்கிய கண்ணகி நகர், அதற்குப் பின் வந்த பெரும்பாக்கம் இரண்டிலும் இதே கதைதான். கூவம் கரையிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு வீட்டு வேலை போனது, பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்க அம்மா பூக்கட்டி விக்கிறவங்க. விடியக்காலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கணும். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், நல்ல திட்டம். ஆனால் அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே பஸ் வர வேண்டுமே! ஷேர் ஆட்டோவுக்குப் போக வர 60 ரூபாய் என்று வைத்தால் 26 நாளைக்கு 1,560 ரூபாய். வாடகையில் மிச்சமானது ஆட்டோவுக்குப் போய்விடும். அரைமணி தாமதமானால் நல்ல பூ தீர்ந்துவிடும். "மலிவு வீடு" என்றால் வீட்டின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

நாம் கேட்க வேண்டிய நான்கு

1. அதே இடத்தில் கட்ட முடியாதா? சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் அப்படித்தான் கட்டினார்கள். இடம் சரி, ஆனால் 2021-இல் சுவர்ப்பூச்சு உதிர்ந்து, ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து சோதிக்க வேண்டியதாயிற்று. ஆகவே தரமும் சேர்ந்தே வேண்டும்.

2. அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது? உயர்நீதிமன்றக் கிளையே உலகநேரி கண்மாயில்தான் நிற்கிறது. கண்மாய்க் கரையிலிருந்து கிளப்பிய ஜனங்களை இன்னொரு கண்மாய்க்குள் குடிவைக்கக் கூடாது.

3. முதல் பஸ் எத்தனை மணிக்கு? பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

4. தண்ணீர் கொடுப்பது மாநகராட்சியா, ஊராட்சியா? சாவி கொடுக்கும் முன்பே எழுத்தில் இருக்கிறதா?

இதைக் கேட்க இடம் இருக்கிறது. கிராமத்தில் கிராம சபை. நகரத்தில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை. கூட்டம் என்றால் நமக்கென்ன என்று ஒதுங்காமல் ஒருமுறை போய் உட்காருங்கள்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சைட்டில் டேப்பைப் பிடித்து நிற்கப் போகிறோம். பிளானில் கதவு, ஜன்னல், பீம் எல்லாம் இருக்கும். அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பாதை அதில் இருக்காது. அதையும் சேர்த்துக் கேட்கிறவனே நல்ல இன்ஜினியர்.

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு